விதை யாருடையது? – 9: நான்கு விவசாயிகள், நான்கு கோடி ரூபாய்

சென்ற வாரம் 1992 டிசம்பர் 29-ஆம் தேதி பெங்களூரில் நிறுத்தியிருந்தோம். கர்நாடக ராஜ்ய ரைத சங்கத்து விவசாயிகள் கார்கில் விதை நிறுவனத்தின் அலுவலகத்துக்குள் புகுந்து, கோப்புகளை வெளியே கொண்டுவந்து தீ வைத்தார்கள். உலக வர்த்தகப் பேச்சுவார்த்தையில் முன்வைக்கப்பட்ட டங்கல் வரைவு விதையையும் சொத்துரிமைக்குள் இழுத்துவிடும் என்ற அச்சம்தான் அந்தத் தீயை மூட்டியது. அச்சம் பொய்யாகவில்லை. 1995 ஜனவரி 1 முதல் உலக வர்த்தக அமைப்பு செயல்படத் தொடங்கியபோது, அதன் டிரிப்ஸ் ஒப்பந்தம் உறுப்பு நாடுகளுக்கு ஒரு கடமையை விதித்தது. பயிர் ரகங்களுக்குக் காப்புரிமை வழங்க வேண்டும், அல்லது பயன்தரக்கூடிய தனிச்சட்டம் ஒன்றை இயற்ற வேண்டும், அல்லது இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும். வளரும் நாடுகளுக்கு 2000 ஜனவரி 1 வரை அவகாசம் கிடைத்தது. இந்தியா தனிச்சட்டத்தைத் தேர்ந்துகொண்டது.

2001-இல் வந்த அந்தச் சட்டத்தின் 39-ஆம் பிரிவில் ஒரு வாக்கியம் இருக்கிறது. உலகில் வேறெந்த விதைச் சட்டத்திலும் விவசாயிக்கு இவ்வளவு விரிந்த உரிமையைக் காண்பது அரிது. அந்த வாக்கியம் உருவான விதமும், ஏறத்தாழ 18 ஆண்டுகள் கழித்து குஜராத்தில் அது சோதனைக்கு வந்த விதமும் இந்த வாரக் கதை. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் உரிமையைக் குறைவில்லாமல் கொடுத்தது. ஆனால் அந்த உரிமையை வைத்திருப்பவர் ஒரு வழக்கைத் தாங்கிக்கொள்ளும் வலிமையும் உள்ளவர் என்று தானாகவே எண்ணிக்கொண்டது. அந்த எண்ணம்தான் அதன் பலவீனம்.

திருத்தப்பட்ட வாக்கியம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுதப்பட்ட முதல் வரைவுகளுக்கு மையம், புதிய ரகத்தை உருவாக்கியவரின் உரிமைதான். விவசாயி அவற்றில் ஒரு விதிவிலக்காக மட்டுமே வந்தார். வேறொரு பார்வைக்கு வழி திறந்ததில் சென்னைக்கும் பங்கு உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1994-இல் அறிஞர்களைக் கூட்டி விவாதித்து ஒரு மாதிரிச் சட்டவரைவை உருவாக்கியது. விவசாயி விதையை வாங்குபவர் மட்டுமல்ல. தலைமுறைகளாக ரகங்களைத் தேர்ந்தெடுத்துக் காத்து வந்தவரும் அவர்தான். ஆகவே சட்டம் அவரையும் உரிமையாளராக மதிக்க வேண்டும் என்பது அந்த முயற்சியின் அடிநாதம். இந்தக் கருத்து டெல்லியின் கோப்புகளுக்குள் நுழைய ஆண்டுகள் பிடித்தன.

1999 டிசம்பரில் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. தன் விளைபொருளைச் சேமிக்கவும், பயன்படுத்தவும், பரிமாறவும், பகிரவும், விற்கவும் விவசாயிக்கு உள்ள உரிமையை இந்தச் சட்டம் பாதிக்காது என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வரியே அதைச் சுருக்கியது: வணிக ஏற்பாட்டின் கீழ் மறு உற்பத்திக்காக விற்றால் இந்த உரிமை கிடையாது. விதைக்காக விற்பது என்றாலே மறு உற்பத்திக்காக விற்பதுதான். பக்கத்து ஊர்க்காரருக்கு நான்கு மூட்டை விதைநெல் கொடுத்துப் பணம் வாங்கும் விவசாயி எந்த இடத்தில் வணிக ஏற்பாட்டுக்குள் போய்விடுகிறார் என்பதை யார் முடிவு செய்வது? அன்று இந்திய வயல்களில் விதைக்கப்பட்டதில் பெரும்பகுதி விவசாயிகளே எடுத்துவைத்த விதை. அரசு விதைக் கழகங்களும் தனியார் நிறுவனங்களும் சேர்ந்தும் எஞ்சிய பகுதியைத்தான் வழங்கின. அந்தக் கைமாற்றத்தைச் சந்தேகத்துக்கு உரியதாக ஆக்கினால், நாட்டின் விதை வழங்கலில் பெரும்பகுதியே சட்டத்தின் ஓரத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

மசோதா, சாஹிப் சிங் வர்மா தலைமையிலான நாடாளுமன்றக் கூட்டுக்குழுவிடம் போனது. குழு பலரையும் விசாரித்து 2000 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. நம் வரலாற்றில் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. அரசு கொண்டுவந்த ஒரு மசோதாவை ஒரு குழு ஒட்டுப்போட்டு அனுப்பவில்லை. விவசாயிகளின் உரிமைகளுக்கென்று தனி அத்தியாயமே எழுதிச் சேர்த்தது.

இறுதியில் சட்டமாக நின்ற வாசகத்தின் சாரம் இது. இந்தச் சட்டத்தில் வேறு எது சொல்லப்பட்டிருந்தாலும், பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதை உட்படத் தன் விளைபொருளைச் சேமிக்க, பயன்படுத்த, விதைக்க, மறுபடி விதைக்க, பரிமாற, பகிர, விற்க, இந்தச் சட்டம் வருவதற்கு முன்பு இருந்த அதே முறையில் விவசாயிக்கு உரிமை உண்டு. ஒரே ஒரு வரம்புதான்: பாதுகாக்கப்பட்ட ரகம் என்று பெயர் அச்சிட்ட பொட்டலத்தில் அடைத்து, முத்திரை விதையாக விற்கக் கூடாது. 1999 மசோதா விற்பனையின் நோக்கத்தைக் கேட்டது. 2001 சட்டம் விற்கும் மூட்டையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்டது. நோக்கத்தை நிரூபிக்க வாதங்கள் வேண்டும். மூட்டையின் மேல் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

2001 அக்டோபர் 30 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. ரகங்களைப் பதிவு செய்து சட்டத்தைச் செயல்படுத்தும் ஆணையம் 2005-இல் அமைந்தது. 2007-இல் ரகப் பதிவு தொடங்கியது.

கிழங்குக்குள் இருக்கும் சிக்கல்

குஜராத்துக்குப் போகும் முன் உருளைக்கிழங்கைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். வீரிய ஒட்டு மக்காச்சோளத்திலோ பருத்தியிலோ நிறுவனத்துக்கு இயற்கையே ஒரு பூட்டு போட்டுத் தந்திருக்கிறது. ஒட்டு விதையின் விளைச்சலிலிருந்து எடுத்த விதையை மறுபடி விதைத்தால் பயிர் ஒன்றுபோல வராது, வீரியமும் குறையும். விவசாயி மறு ஆண்டும் கடைக்குப் போக வேண்டும். உருளைக்கிழங்கில் அந்தப் பூட்டு இல்லை. நடுவது கிழங்கு, அறுவடை செய்வதும் கிழங்கு. ஒவ்வொரு கிழங்கும் தாய்ச்செடியின் அச்சு அசலான நகல். காலப்போக்கில் வைரஸ் நோய் ஏறி விளைச்சல் குறையலாமே தவிர, ரகம் மாறாது. குளிர்பதனக் கிடங்கில் நான்கு மூட்டை வைத்திருந்தால் அடுத்த பருவத்துக்கு விதை தயார்.

இந்தச் சிக்கலை அமெரிக்க நாடாளுமன்றம் 1930-இலேயே உணர்ந்திருந்தது. அந்த ஆண்டு இயற்றிய தாவரக் காப்புரிமைச் சட்டம், ஒட்டுக்கட்டியும் பதியன் போட்டும் பெருக்கும் பழமரங்களுக்கும் பூச்செடிகளுக்கும் காப்புரிமை தந்தது. ஆனால் கிழங்கு வழியாகப் பெருகும் பயிர்களைப் பெயர் சொல்லியே ஒதுக்கி வைத்தது. உண்பதும் நடுவதும் ஒரே பொருளாக இருக்கும்போது, நடுவதற்கு உரிமை கேட்டால் உண்பதற்கும் உரிமை கேட்டதாகிவிடும் என்ற தயக்கம்தான் காரணம். கிழங்குப் பயிர்களுக்கு அங்கே ரகப் பாதுகாப்பு கிடைத்தது 1994-இல் வந்த திருத்தத்தில்தான். உலகிலேயே விதைச் சொத்துரிமையை அதிகம் விரும்பிய நாடே அறுபது ஆண்டுகளுக்கு மேல் தயங்கி நின்ற பயிர், இந்தியாவின் முதல் பெரிய மோதலுக்குக் களமானதில் வியப்பில்லை.

சாபர்காண்டா, ஏப்ரல் 2019

ரகத்தின் பதிவுப்பெயர் எஃப்எல் 2027. சந்தையில் எஃப்சி 5. பெப்சிகோ குழுமத்தின் ஃபிரிட்டோ-லே பிரிவு அமெரிக்காவில் உருவாக்கியது. நீர்ச்சத்து குறைவு, உலர்பொருள் அதிகம். ஆகவே எண்ணெய் குறைவாகக் குடித்து மொறுமொறுவென்று வரும் சிப்ஸுக்கு ஏற்றது. 2009-இல் இந்தியாவில் வணிகத்துக்கு வந்தது. நிறுவனம் விதைக்கிழங்கு தரும், விவசாயி விளைத்து நிறுவனத்துக்கே திருப்பி விற்பார். குஜராத்தில் இப்படி ஒப்பந்தச் சாகுபடி பரவியது. 2016 பிப்ரவரி 1 அன்று பெப்சிகோ இந்தியா அந்த ரகத்துக்குப் பதிவுச் சான்றிதழ் பெற்றது. இடையில் புதுப்பித்துக்கொண்டால் 2031 ஜனவரி 31 வரை செல்லுபடி.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத விவசாயிகளின் வயல்களிலும் அந்தக் கிழங்கு விளைந்தது. எப்படிப் போனது என்று கேட்க வேண்டியதில்லை; கிழங்கு எப்போதும் போகும் வழியில்தான் போயிருக்கும். 2019 ஏப்ரலில் சாபர்காண்டா மாவட்டத்தைச் சேர்ந்த நான்கு விவசாயிகள் மீது அகமதாபாத் வணிக நீதிமன்றத்தில் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. ஆளுக்கு 1.05 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டது. நால்வருக்கும் சேர்த்து 4.2 கோடி. எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, மாதிரி எடுக்க ஆணையரையும் நியமித்தது. அண்டை மாவட்டமான அரவல்லியிலும் சில விவசாயிகள் மீது ஏற்கனவே வழக்குகள் இருந்தது அப்போதுதான் வெளியே பரவலாகத் தெரிந்தது.

தடை விதிக்கப்பட்ட அந்த நாளில் 39-ஆம் பிரிவு சட்டப் புத்தகத்தில் இருந்தது. அதை எடுத்துச் சொல்ல விவசாயி அந்த அறையில் இல்லை.

செய்தி பரவியதும் விவசாய அமைப்புகளும் விதை ஆர்வலர்களும் ஒன்றுதிரண்டார்கள். ஏப்ரல் 26 விசாரணையில் நிறுவனம் ஒரு சமரசத்தை முன்வைத்தது: இந்த ரகத்தை இனிப் பயிரிடுவதில்லை என்று உறுதி கொடுங்கள், அல்லது எங்களிடமே விதை வாங்கி எங்களுக்கே விற்கும் ஒப்பந்தத்துக்கு வாருங்கள். இதில் எதை ஒப்புக்கொண்டாலும், சட்டம் தந்த உரிமையை விவசாயியே கைவிட்டதாகும். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மே 2 அன்று, அரசுடன் பேசிய பின் வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது.

வெற்றிதானா?

வழக்கு திரும்பிப் போனதே உரிமைக்குக் கிடைத்த வெற்றி என்பார்கள் பலர். அந்த நால்வருக்கு அது பெரிய விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆனால் சூழலையும் பார்க்க வேண்டும். அது மக்களவைத் தேர்தல் காலம். குஜராத் வாக்களித்தது ஏப்ரல் 23-இல். ஊடக வெளிச்சமும், நாடெங்கும் எழுந்த எதிர்ப்பும், தேர்தல் நேரத்து அரசியல் கூச்சமும் சேர்ந்து செய்த வேலை அது என்றே நான் கருதுகிறேன். எந்த நீதிபதியும் 39-ஆம் பிரிவைப் படித்துக் காட்டி, விவசாயி செய்தது மீறல் அல்ல என்று தீர்ப்பு எழுதவில்லை. எழுதியிருந்தால் அடுத்த முறை வழக்குப் போட நினைப்பவர் தயங்கியிருப்பார். எழுதாததால், அடுத்த விவசாயியும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். அப்போது தேர்தல் இருக்காது, தொலைக்காட்சிக் கேமராவும் வராமல் போகலாம்.

எதிர்த்தரப்பின் வாதங்களில் ஒன்றை நேர்மையாக எடைபோட்டாக வேண்டும். ஒரு ரகத்தை உருவாக்கப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளும் பெரும் பணமும் ஆகின்றன. யார் வேண்டுமானாலும் பயிரிட்டு விற்கலாம் என்றால் யார் முதலீடு செய்வார்கள்? நியாயமான கேள்விதான். சட்டம் இதற்கு விடை வைத்திருக்கிறது. 28-ஆம் பிரிவு உற்பத்தி, விற்பனை, விநியோகம், இறக்குமதி, ஏற்றுமதி அனைத்துக்கும் பதிவுதாரருக்குத் தனியுரிமை தருகிறது. இன்னொரு விதை நிறுவனம் எஃப்எல் 2027-ஐ எடுத்து விற்றால் அதை நிறுத்தலாம். விவசாயியே பெயர் அச்சிட்ட பொட்டலத்தில் விற்றாலும் நிறுத்தலாம். அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயி சேமித்த விதையை மற்ற விவசாயிக்கு விற்க அனுமதித்தது; அயோவா மாநிலத்தில் ஒரு விவசாயத் தம்பதி தங்கள் சோயா விளைச்சலின் பெரும்பகுதியை விதையாகவே விற்றபோது அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 1995 ஜனவரியில் வந்த தீர்ப்பு அந்த உரிமையை இறுக்கியது. அதற்கு முன்பே 1994 திருத்தம் விற்கும் உரிமையை வருங்காலத்துக்கு நீக்கிவிட்டிருந்தது. இந்தியாவில் சட்டம் எழுதியவர்கள் இதற்குப் பின் வந்தவர்கள். எந்த அளவுக்கு மேல் விற்றால் குற்றம் என்று மூட்டைகளை எண்ணும் வழியை அவர்கள் எடுக்கவில்லை; முத்திரை என்ற எல்லையைப் போட்டார்கள். அது கவனமின்மையால் விளைந்த ஓட்டை அல்ல, யோசித்து எடுத்த முடிவு. தவிர, பெப்சிகோவின் வருமானம் விதைக்கிழங்கு விற்பதில் இல்லை. சிப்ஸ் விற்பதில் இருக்கிறது. நல்ல விலையும் நம்பகமான கொள்முதலும் தரும் ஒப்பந்தமே அதற்கான மெய்யான பாதுகாப்பு.

இன்னொரு வாதம் நுட்பமானது. 39-ஆம் பிரிவு வயிற்றுப்பாட்டுக்காகப் பயிரிடும் சிறு விவசாயிக்கானது. போட்டி நிறுவனத்துக்கோ மொத்த வியாபாரிக்கோ விற்று லாபம் பார்ப்பவருக்கு அல்ல என்கிறது அது. சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் இதற்கு ஆதாரமில்லை. தானே நிலத்தை உழுது பயிரிடுபவரும், ஆள் வைத்து நேரடியாகக் கண்காணித்துப் பயிரிடுபவரும் விவசாயிதான் என்கிறது அதன் வரையறை. ஏக்கர் கணக்கு அங்கே இல்லை. விற்கலாம் என்று சொன்ன சட்டம், யாருக்கு விற்கலாம் என்று பட்டியல் போடவில்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு 42-ஆம் பிரிவிலிருந்து வருகிறது. ஒரு ரகத்துக்கு உரிமை இருப்பது தெரியாமல் செயல்பட்ட விவசாயி மீது மீறல் குற்றம் சாட்டக் கூடாது என்கிறது அது. விவசாயிக்கு எல்லாவற்றுக்கும் உரிமை இருந்தால், தெரியாமல் செய்ததற்கு மன்னிப்பு எதற்கு? ஆகவே, தெரிந்தே பயிரிட்ட விவசாயி மீறல் செய்தவர்தானே? படித்தவுடன் தடுமாற வைக்கும் கேள்வி இது. ஆனால் விவசாயி மீறக்கூடிய செயல் ஒன்று சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது: முத்திரை விதை விற்பது. 42 அதற்கான கவசம். 39 தந்த உரிமையை 42-ஐக் கொண்டு குறைப்பது, வேறு எது சொல்லப்பட்டிருந்தாலும் என்று தொடங்கும் ஒரு பிரிவை அந்தத் தொடக்கம் இல்லாதது போலப் படிப்பதாகும். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நான் படிக்கும் விதம் இது. நீதிமன்றம் இப்படித்தான் படிக்கும் என்பதற்கு இன்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சிக்கலே அங்குதான்.

சான்றிதழ் மீது போர்

வழக்குகள் திரும்பிய பின் போர் வேறு களத்துக்கு மாறியது. 2019 ஜூனில், ஆஷா என்ற விவசாயக் கூட்டமைப்பைச் சேர்ந்த கவிதா குருகந்தி, எஃப்எல் 2027-இன் பதிவையே ரத்து செய்யக் கோரி ஆணையத்திடம் மனு செய்தார். 2021 டிசம்பர் 3 அன்று ஆணையம் பதிவை ரத்து செய்தது. 2012-இல் நிறுவனம் முதலில் புதிய ரகம் என்று விண்ணப்பித்திருந்தது. ஆனால் இந்தியாவில் 2009-இலேயே விற்பனை தொடங்கியிருந்தது, வெளிநாட்டில் அதற்கும் முன்பே. விண்ணப்பிக்கும் உரிமையைக் காட்டும் ஆவணங்களிலும் குறை இருந்தது. இவற்றோடு, விவசாயிகள் பட்ட துன்பத்தைச் சுட்டி, இந்தப் பதிவு பொதுநலனுக்கு ஏற்றதல்ல என்றும் ஆணையம் சொன்னது. இந்தக் கடைசிக் காரணத்தில்தான் விவசாயி தெரிந்தார். மற்றவை எல்லாம் காகிதத்தின் தேதியும் கையெழுத்தும்.

2023 ஜூலை 5 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, ரத்து சரியே என்றார். ஆனால் காகிதக் குறைகளை வைத்து மட்டும். பொதுநலன் என்ற காரணத்தை அவர் ஏற்கவில்லை. 2024 ஜனவரி 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வு காகிதக் குறைகளும் ரத்து செய்யப் போதுமானவை அல்ல என்று கண்டு, நிறுவனத்தின் மேல்முறையீட்டை அனுமதித்தது. பதிவைப் புதுப்பிக்கும் விண்ணப்பம் மீண்டும் உயிர்பெற்றது.

ஐந்து ஆண்டுகள், ஓர் ஆணையம், உயர் நீதிமன்றத்தின் இரு படிகள். இத்தனை பக்கங்களும் ஒரு சான்றிதழ் நிற்குமா விழுமா என்பதைப் பற்றியவை. சான்றிதழ் நின்றாலும் விவசாயி அந்தக் கிழங்கை நட்டு விற்கலாமா என்ற கேள்விக்கு நேரடி விடை அவற்றில் இல்லை. இதனால்தான் சட்டத்தின் குறை வாசகத்தில் இல்லை, நடைமுறையில் இருக்கிறது என்கிறேன். விவசாயி மீது மீறல் வழக்குப் போடும் நிறுவனம், அவர் 39-ஆம் பிரிவின் பாதுகாப்புக்கு வெளியே இருக்கிறார் என்பதை, குறிப்பாக முத்திரை விதை விற்றார் என்பதை, முதலில் ஆணையத்தின் முன் காட்டியாக வேண்டும் என்று ஒரு விதி இருந்திருந்தால் போதும். அகமதாபாத்தில் அந்த இடைக்காலத் தடை வந்திருக்காது. நிறுவனத்தின் எந்த நியாயமான உரிமையும் அதனால் குறைந்திருக்காது. போட்டி விதை நிறுவனங்கள் மீது அது நேராகவே நீதிமன்றம் போயிருக்கலாம். அப்படியொரு விதி இன்றும் இல்லை.

2031 ஜனவரி வரை இன்னும் சில நடவுப் பருவங்கள் மிச்சம் இருக்கின்றன. அதற்குள் இன்னொரு வழக்கு வந்து, அதை யாரும் திரும்பப் பெறாமல், கடைசிவரை நடந்தால், நீதிபதி முன் வாக்கியத்தின் ஒரு பகுதி கட்டாயம் வந்து நிற்கும்: சட்டம் வருவதற்கு முன்பு இருந்த அதே முறையில். சிப்ஸ் ஆலைக்காகவே உருவான கிழங்கை வியாபாரிக்கு லாரி லாரியாக ஏற்றி அனுப்பும் 2019-ஆம் ஆண்டு விவசாயியும், 2001-க்கு முன் சந்தையில் மூட்டை இறக்கிய அவர் தந்தையும் செய்தது ஒரே செயல்தானா? அல்லது அந்தச் சொற்கள் விவசாயியின் உரிமையை 2001-ஆம் ஆண்டின் சந்தையோடு நிறுத்திவிட்டனவா?

(தொடரும்)